வைத்திக்குப்பத்து டம்ளரும் எங்க ஏரித் தண்ணியும்

மாசி மகத்துக்கு வருஷா வருஷம் வைத்திக்குப்பம் போவது எங்க வீட்டு வழக்கம். மயிலம் முருகனிலிருந்து சுத்துப்பட்டு சாமியெல்லாம் அன்னைக்கு அந்தக் கடற்கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். முன்னெல்லாம் கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிடுவோம். இப்போ பெரிய பொண்ணு அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருப்பதால், மத்தியான வெயிலுக்கு ஒதுங்க ஒரு திண்ணை கிடைத்திருக்கு.

இந்த வருஷம் போகும் வழியில் உரக்கடையில் ஒரு லிட்டர் ஹியூமிக் பாட்டில் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கத்தரி நாற்றுக்கு. தாகத்தோடு உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தேன், உப்புக் கரித்தது. "அப்பா, அது பாத்திரம் கழுவத்தான். குடிக்க கேன் இருக்கு பாருங்க" என்றாள் பொண்ணு. அதுக்குள்ளே பேத்தி என் பையைக் குடைந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நின்னாள். ஏழு வயசு. "தாத்தா, இது காபி டிகாஷனா?"

டிகாஷன் இல்லம்மா, இது செடிக்குக் கொடுக்கிற மருந்து என்று சொல்லி, பிடித்த அந்தக் குழாய்த் தண்ணியிலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். ஒரே சொட்டுதான். டம்ளர் முழுக்க பால் ஊத்தாத டீ மாதிரி நிறம் ஏறிடுச்சு. அந்த டம்ளரை வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிவு. தண்ணி பற்றி நான் எழுதுவதே பெரும்பாலும் பாசனம்தான். இந்தத் தடவை குடிதண்ணி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கோங்க.

முதலில் அந்தக் கறுப்பு என்னன்னு சொல்லிடறேன். நாங்க நடவுக்கு முன்னே தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவோம். தண்ணி கட்டி விட்டால் நாலாம் நாள், அஞ்சாம் நாள் வயல் தண்ணி டீ நிறத்துக்கு வந்துடும். இலை, தண்டு, வேர், சாணி எல்லாம் மக்கும்போது இறங்குகிற சாறு அது. சீக்கிரம் மக்குவதெல்லாம் மக்கிப் போன பிறகு, எந்தப் புழுவும் கிருமியும் லேசில் கடிக்க முடியாத கடைசிச் சக்கை ஒன்று மிஞ்சும். அதில் ஒரு பகுதிக்குப் பெயர் ஹியூமிக் அமிலம். அதைவிடச் சின்னதாக, இன்னும் நல்லாக் கரையக்கூடிய பகுதிக்கு ஃபல்விக் அமிலம். பாட்டிலில் வருவது பெரும்பாலும் லிக்னைட் மாதிரியான பழுப்பு நிலக்கரியிலிருந்து காரம் போட்டு இறக்கிய சாறு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின காட்டு இலையைத்தான் நாங்க இப்போ காசு கொடுத்து வாங்கி நாற்றுக்கு ஊற்றுகிறோம். நெய்வேலி லிக்னைட்டிலிருந்து ஹியூமிக் எடுத்துப் பயிருக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சியும் நடந்திருக்கு.

தண்ணி சுத்திகரிக்கிறவங்க இந்தச் சாறு மொத்தத்துக்கும் இயற்கை அங்ககப் பொருள் என்று பெயர் வைத்திருக்காங்க. வயலில் இருந்தால் எனக்கு அது உரம். குடிதண்ணி ஏரியில் இருந்தால் அவங்களுக்கு அது தலைவலி. பொருள் ஒண்ணுதான்.

இனி புதுச்சேரிக் கதைக்கு வருவோம். பட்டணத்துக்காரங்க பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீங்க. வெள்ளை மண்டபம், முன்னாடி நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது தண்ணிக்காகக் கட்டினது என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ. கதை இப்படிச் சொல்வாங்க: முத்திரப்பாளையத்தில் ஆயி என்று ஒரு தாசி. அந்தப் பக்கம் வந்த விஜயநகர ராஜா, விளக்குகளோடு ஜொலித்த அவள் வீட்டைக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். தாசி வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொல்லிவிட்டார். "நானே இடிக்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்க" என்று கேட்டு வாங்கி, இடித்த இடத்திலேயே ஊருக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுத்தாள். அப்புறம் மூணு நூற்றாண்டு கழித்து, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் பேரரசராக இருந்த காலத்தில், லாமரேஸ் என்கிற பிரெஞ்சு இஞ்சினியர் முத்திரப்பாளையத்து ஊற்றுத் தண்ணியை அஞ்சு கிலோமீட்டர் வாக்கில் கொண்டுவந்து பட்டணத்துக்குக் கொடுத்தார். அதன் நினைவுக்குத்தான் மண்டபம். இந்த லாமரேஸ் வேடிக்கையான ஆள். இஞ்சினியர் வேலையோடு தமிழ்ப் பாட்டுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தும் புத்தகம் போட்டிருக்கார்.

எங்க பக்கமும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சொர்ணாவூர் அணையிலிருந்து பெண்ணையாற்றுத் தண்ணியைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிற பங்காரு வாய்க்கால், பங்காரி, சிங்காரி என்ற ரெண்டு தாசிகளின் உபயம் என்று பெரியவங்க சொல்லுவாங்க. புதுச்சேரி மண்ணில் தண்ணிக்குச் சொத்தை எழுதி வைத்தவர்கள் எல்லாம் பெண்கள்தான் போல.

முத்திரப்பாளையத்தை ஏன் தேடிப் போனார்கள்? பட்டணத்துக்குள்ளே கிணறு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஊற்று செம்மண் மேட்டின் ஓரத்தில் இருக்கு. மழைத் தண்ணி மணலிலும் மணல்பாறையிலும் மெதுவாக இறங்கி வடிந்து வருவதால் தெளிவாக வரும். இலைச் சாறு பெரும்பகுதி வழியிலேயே மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். செம்மண்ணில் இருக்கிற இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இயற்கையே போட்டு வைத்த ஃபில்டர். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்த ரசாயனம் தெரியாது, நாக்குக்குத் தெரிந்தது.

அடுத்து வந்தது ஆர்ட்டீசியன் கிணறு. 1870களின் கடைசியில் சவானா மில்லில் போர் போட்டபோது தண்ணி தானாகவே மேலே பொங்கி வந்தது. பின்னாடி சுதேசி மில் ஆச்சே, அதேதான். 1936 ஜூலை 30ல் எட்டு மணி நேர வேலைக்குப் போராடின தொழிலாளிகள் பன்னிரண்டு பேர் சுடப்பட்டு விழுந்த இடம். அந்த ஊற்று கண்டதும் சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் ஆசை வந்திருக்கு. புவியியல் துறையின் வில்லியம் கிங் 1880ல் புதுச்சேரி ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பார்த்து, இதே மாதிரி சென்னையிலும் கிடைக்குமா என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்.

அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் ஊராகத் துளை போட்டார்கள். 1880களில் எங்க பாகூர், அரங்கனூர் பக்கம் போட்ட துளைகளில் தண்ணியோடு சேர்ந்து கறுப்பாக, கட்டை மக்கினது மாதிரி ஒன்று வந்தது. லிக்னைட். தண்ணி தேடினவனுக்குக் கரி கிடைத்தது. இதே கதை அரை நூற்றாண்டு கழித்து நெய்வேலியில் நடந்தது. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் 1934 வாக்கில் கிணற்றுக்குப் போர் போட, கறுப்பாகப் பொங்கியது. அதுதான் 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஆனது. பேத்தி டிகாஷன் என்று கேட்டதன் பூர்வீகம் எங்க காலுக்கு அடியிலேயே இருக்கு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

வைத்திக்குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், திண்ணையில் வந்து உட்கார்ந்தார். டம்ளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் சொன்னது: "நாங்க சின்னப் புள்ளையில மணல்ல கையால தோண்டினா ஊத்து வரும் ஐயா. கடல் அங்க, ஊத்து இங்க. இனிக்கும்." கடற்கரை மணலில் மழைத் தண்ணி உப்புத் தண்ணி மேலே மிதந்து நிற்கும், எண்ணெய் மாதிரி. அளவாக இறைத்தால் நிற்கும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கிற கடல் மேலே ஏறும். புதுச்சேரிப் பட்டணம் குடிக்கிறது முழுக்க நிலத்தடித் தண்ணி. நாங்களும் அதே தண்ணியில்தான் நெல்லும் கரும்பும் போடுகிறோம், மோட்டார் போட்டு உறிஞ்சினதில் எங்க பங்கு சின்னது இல்லை. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதணும்.

இப்போ எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு பேச்சு: போர் உப்பாகிவிட்டது, ஏரித் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் குடித்தால் என்ன? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஏரித் தண்ணி வேறு சாதித் தண்ணி. அதில் என்ன கரைந்திருக்கு என்று தெரியாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு.

இந்தப் பழுப்பை முதலில் பிரித்து எடுத்தது ஜெர்மனியில் அஹார்டு என்பவர், 1786ல், சதுப்பு நிலத்து மக்கிலிருந்து. சுவீடனில் பெர்சீலியஸ், ரசாயனக் குறியீடுகளை நமக்குக் கொடுத்த அதே பெரியவர், 1830களில் போர்லா என்கிற ஊற்றின் தண்ணியை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். அந்த ஊற்றில் கரைந்திருந்த பழுப்புப் பொருளுக்கு, ஊற்று என்று அர்த்தம் வருகிற கிரேக்கச் சொல்லை வைத்தே பெயர் சூட்டினார். அன்னைக்கு அது ஒரு ஆராய்ச்சிக்காரரின் ஆவல், அவ்வளவுதான். குடித்தால் கெடுதல் என்று யாரும் நினைக்கவில்லை. சொல்லப்போனால் இன்றைக்கும் அந்தச் சாறு தனியாக ஒன்றும் விஷமில்லை. டீயும் இலைச் சாறுதானே.

தண்ணியில் அழுக்கு எவ்வளவு என்று அளக்க அந்த நூற்றாண்டில் கைக்குக் கிடைத்தது பர்மாங்கனேட். எங்க ஆயா சொல்வாள், காலரா காலத்தில் சர்க்கார் ஆள் வந்து கிணற்றில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்து கரைத்து ஊற்றுவானாம். நிறம் மறுநாளும் நின்றால் கிணறு நல்ல கிணறு. சீக்கிரம் வெளுத்துப் பழுப்பானால் இன்னும் ஊற்றணும். ஆக்ராவில் இருந்த ஹான்கின் என்கிற விஞ்ஞானி 1890களில் பரப்பிவிட்ட முறை அது. அந்தக் கத்தரிப்பூ நிறத்தைத் தின்றது கிருமி மட்டும் இல்லை. கிணற்றில் விழுந்த புளிய இலையும் வேப்பிலையும் விட்ட சாறும்தான் அதைத் தின்றது. ஆயாவுக்குத் தெரியாமலே ஒரு பரிசோதனை நடந்திருக்கு: இந்தத் தண்ணியில் மக்கின பொருள் எவ்வளவு?

எவ்வளவு என்பது தெரிந்தது. என்ன மாதிரி என்பது தெரியவில்லை. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு 1974 வரை ஆச்சு.

அதற்கு முன்னால் குளோரின் வந்தது. அமெரிக்காவில் ஜெர்சி நகரத்தில் 1908ல் தொடங்கினார்கள். காலரா, டைபாய்டு அடங்கினது. எத்தனை உயிர் பிழைத்தது என்று கணக்குப் போட்டு முடியாது, நம்ம வீடுகளிலும்தான். அறுபது வருஷத்துக்கு மேல் யாரும் அதில் குறை காணவில்லை. பிறகு நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத் தண்ணித் துறையில் வேலை பார்த்த யோஹன்னஸ் ரூக் என்பவர், குளோரின் போட்ட தண்ணியின் மேலே நிற்கிற காற்றை எடுத்துக் கருவியில் விட்டுப் பார்த்தார். இந்த முறை அவருக்குப் பீர் தயாரிக்கிற தொழிலிலிருந்து கிடைத்தது என்று சொல்வார்கள். வாசனையைப் பிரித்துப் பார்க்கிற வேலை. குளோரோஃபார்ம் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார்களே, அதே குளோரோஃபார்ம். ஆற்றுத் தண்ணியில் அது இல்லை. குளோரின் போட்ட பிறகுதான் வந்திருக்கு. எங்கிருந்து? சதுப்பு மக்கை ஊறவைத்த சாற்றில் குளோரின் போட்டுப் பார்த்தார். அதிலும் வந்தது.

என் பாட்டிலில் இருக்கிறதும் அதே சாறுதான்.

அதே 1974ல் அமெரிக்காவிலும் பெல்லரும் அவர் கூட்டாளிகளும் தனியாக இதையே கண்டுபிடித்தார்கள். மிசிசிப்பி ஆற்றுத் தண்ணி குடிக்கிற நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காரர்கள் பயந்துபோக, அந்த வருஷக் கடைசியிலேயே அங்கே குடிதண்ணிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தக் குடும்பத்துக்கு டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று 1979ல் அங்கே வரம்பு வைத்தார்கள், பிறகு 0.08 ஆக்கினார்கள். நம்ம நாட்டு ஐ.எஸ். 10500 தரத்திலும் இது இருக்கு: குளோரோஃபார்ம் 0.2, புரோமோஃபார்ம் 0.1 மில்லிகிராம் வரை. பல வருஷம் தொடர்ந்து குடித்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுமோ என்கிற சந்தேகத்தில் வைத்த வரம்பு.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லணும். இதைப் படித்துவிட்டு யாரும் குளோரின் வேண்டாம் என்று வாட்ஸப்பில் போட்டுவிடாதீங்க. குளோரின் இல்லாத தண்ணி ஒரே வாரத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். குளோரின் போடுவதற்கு முன்னால் சாற்றை எடுத்துவிடு என்பதுதான் ரூக் கண்டதிலிருந்து கிடைத்த பாடம். எடுக்கணும் என்றால் அது என்ன சாறு என்று தெரியணும்.

எடுப்பதற்கு நம்மகிட்ட பழைய கைமருந்து உண்டு. தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துவிட்டால் கலங்கல் தெளியும். கலித்தொகையிலேயே அந்தச் செய்தி வருகிறது. முருங்கை விதையும் அப்படித்தான். ஆனால் ஒரு குறை: விதையை இடித்து அப்படியே போட்டால் மண் கலங்கல் இறங்கும், விதையின் சாறு தண்ணியில் தங்கிவிடும். ஒரு அங்ககப் பொருளை எடுக்க இன்னொன்றைச் சேர்த்த மாதிரி. இயற்கை விவசாயக் கூட்டங்களில் இதைச் சொன்னால் என் மேல் கோபித்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பானைக்குச் சரி, நாள் முழுக்கத் தொட்டியில் நின்று குளோரின் வாங்கப் போகிற தண்ணிக்கு அது சரிவராது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் போடுவது படிகாரம்.

படிகாரத்துக்கு எங்கே போவது? பொண்ணு வீட்டு வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, திருஷ்டிக்காக. கறுப்புக் கயிற்றில் கட்டின கல். ஒரு ஓரத்தைச் சுரண்டி டம்ளரில் போட்டுக் கரண்டியால் கலக்கினேன். "திருஷ்டிக் கல்லை ஏம்பா சுரண்டுறீங்க" என்று பொண்ணு சத்தம் போட்டாள். பேத்திக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் டீக்குள்ளே சின்னச் சின்னத் திரி திரியாகப் பஞ்சு மாதிரி கூட ஆரம்பித்தது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுச் சாமி பார்க்கப் போனோம்.

படிகாரம் செய்வது என்னவென்றால், சாற்றின் துகளெல்லாம் எதிர்மின் ஏறினவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் நேர்மின். போய் ஒட்டினதும் தள்ளுவது நின்று கட்டியாகும். செம்மண் செய்கிற அதே வேலை. ஆனால் பெரிய ஹியூமிக் துகள்தான் இப்படிச் சுலபமாக மாட்டும். சின்ன ஃபல்விக் கொஞ்சம் தப்பிக்கும். பாசி விடுகிற சர்க்கரைப் பசையும் புரதமும் ரொம்பவே தப்பிக்கும்.

ஏரியோடு வாழ்கிறவனுக்கு இது புத்தகச் சமாசாரம் இல்லை. ஐப்பசியில் வாய்க்காலில் புதுத்தண்ணி வரும்போது பாருங்க, பழுப்பாக இருக்கும். வயல் சக்கை, சாணி, கரையோரத்துக் கருவேல மரத்தின் நெத்தும் இலையும் எல்லாம் கழுவிக்கொண்டு வருகிற தண்ணி. கருவேலங்காயில் தோல் பதனிடுகிற அளவுக்குத் துவர்ப்பு இருக்கு, அந்தத் துவர்ப்பும் அதில் கரைந்திருக்கும். அதே ஏரியைச் சித்திரையில் பாருங்க. தண்ணி வற்றி, வயலிலிருந்து வடிந்து வந்த யூரியாவையும் டி.ஏ.பி.யையும் தின்று பாசி பச்சைப் பசேலென்று நிற்கும். மண் வாசனை போய்ப் பாசி நாற்றம் அடிக்கும். ஏரி ஒன்றுதான், ஐப்பசிச் சாறு வேறு, சித்திரைச் சாறு வேறு. ஐப்பசித் தண்ணிக்குப் படிகாரம் நல்லாக் கேட்கும். சித்திரைத் தண்ணிக்கு எவ்வளவு கொட்டினாலும் பாதி நின்றுவிடும்.

இதைப் பிரித்துச் சொல்ல இன்றைக்கு முறைகள் இருக்கு. தண்ணியில் கரைந்த கார்பன் மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று முதலில் அளக்கிறார்கள். அடுத்து 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அதற்குள் விட்டு எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கிறார்கள். மரம், இலையிலிருந்து வந்த சாறு இந்த ஒளியை நிறைய விழுங்கும். பாசிச் சாறு அவ்வளவாக விழுங்காது. ஒளி அளவை நூறால் பெருக்கி, கார்பன் அளவால் வகுத்தால் ஒரு எண் வரும். நாலுக்கு மேலே என்றால் ஹியூமிக் தண்ணி, படிகாரம் வேலை செய்யும். ரெண்டுக்குக் கீழே என்றால் படிகாரத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை, கரித்தூள் மாதிரி வேறு வழி தேடணும். ஆயா காலத்துக் கத்தரிப்பூ நிறத்திலிருந்து இந்த எண் வரைக்கும் வருவதற்கு நூறு வருஷம் ஆச்சு. எனக்கு இதில் பிடித்தது, மண் பரிசோதனை மாதிரியே இருப்பதுதான். மண்ணைப் பார்க்காமல் உரம் போடாதே என்று எங்களுக்குச் சொல்கிறார்களே, தண்ணிக்கும் அதேதான்.

சென்னையில் இருக்கிற நீங்க நூற்றைம்பது வருஷமாக ஏரித் தண்ணிதான் குடிக்கிறீங்க. 1872ல் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த கால்வாயில் தண்ணி கொண்டுவந்தார்கள். வடிகட்டாத தண்ணி. மணல் வடிகட்டி போட்டுச் சரிபண்ண 1914 ஆச்சு. 2004லிருந்து வீராணத்துத் தண்ணி, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்தில் சுத்தமாகி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் உங்க வீட்டுக்கு வருகிறது. வீராணம் விவசாயத்துக்கு வெட்டின ஏரி. அந்தப் பக்கத்து விவசாயியும் வாய்க்கால் கடையில் நின்று எங்களை மாதிரித்தான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

புதுச்சேரியில் இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கு. கடல் தண்ணியில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் வாக்கில் புரோமைடு உண்டு. கடல் ஏறின போர் தண்ணியிலும் அதில் ஒரு பங்கு வந்துவிடும். உப்புப் போரின் தண்ணியையும் ஏரித் தண்ணியையும் கலந்து உப்பைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் குளோரின் விழுந்ததும் அது புரோமைடைத் தட்டி எழுப்பும், அது போய் இலைச் சாற்றைப் பிடிக்கும், குளோரோஃபார்முக்குப் பதில் அதன் புரோமின் பங்காளிகள் வருவார்கள். அவர்களுக்குத் தரத்தில் வரம்பு இன்னும் கறார். புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 0.06தான். உப்புக்கு டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் தெரியாது. கேன் தண்ணிக்காரர் மீட்டரை முக்கி நம்பரைக் காட்டுகிறாரே, அந்த மீட்டருக்கு இலைச் சாறு கண்ணுக்கே படாது.

என் பயம் இன்னொரு பக்கம். ஏரியைக் குடிதண்ணிக்கு எடுத்தால் முதலில் எங்களைத்தான் ஒதுங்கச் சொல்வார்கள். மாட்டைக் கழுவாதே, ஏரிக்கரையில் வைக்கோல் போட்டு வைக்காதே, யூரியாவைக் குறை. சொல்வதில் நியாயம் இருக்கு என்று இதை எழுதுவதற்காகப் படித்தபோது புரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்கரையில் கருவேலம் நட்டது நாங்க இல்லை, ஊர்ச் சாக்கடையை வாய்க்காலில் திருப்பிவிட்டதும் நாங்க இல்லை. ஒரு வருஷம் முழுக்க, ஐப்பசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை தண்ணியை எடுத்து அந்த எண்களைப் பார்த்துக் கூட்டத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும். எது எங்களிடமிருந்து வருகிறது, எது வரவில்லை என்று அப்போ தெரியும். எங்க பங்குக்கு நான் வடிகால் ஓரம் நாலடி உழாமல் புல்லுக்கு விட்டிருக்கேன், இந்தப் போகத்திலிருந்து. தம்பி சிரிக்கிறான்.

சாயங்காலம் தீர்த்தவாரி முடிந்து ஜன்னலைப் பார்த்தோம். டம்ளர் அடியில் காபிப் பொடி மண்டி மாதிரி ஒரு விரல் கனம் படிந்திருந்தது. மேலே தண்ணி தெளிவு. வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தால்தான் லேசாக ஒரு மஞ்சள் தெரிந்தது. படிகாரத்துக்குத் தப்பின மிச்சம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலை, நல்லாத்தானே இருக்கு என்றார்.

பேத்தி டம்ளரைக் கையில் எடுத்து, "இப்போ குடிக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று வாங்கி, வாசலில் இருந்த துளசிச் செடிக்கு ஊற்றினேன்.